வறண்ட ஏரியில் பவர் கைட்: காற்றாடியைப் பழகுவதும் லேண்ட்போர்டில் ஏறுவதும்

பவர் கைட் எனப்படும் இழுவைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு, காற்றடைத்த நான்கு சக்கரங்கள் பூட்டிய பலகையின்மேல் நின்று தரையில் விரைந்து செல்வதே கைட் லேண்ட்போர்டிங். கடற்கரை இல்லாத பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில், இதைப் பழக நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதுவரை பவர் கைட்டைத் தொட்டே பார்க்காத, உடல்நலம் உள்ள, வயதுவந்த ஒருவரை மனத்தில் வைத்து எழுதுவதால், பலகையைப் பற்றிய பகுதி கடைசியில்தான் வரும். அது அளவிலும் சிறியது. இந்த விளையாட்டில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பங்கு காற்றாடியையும் காற்றையும் தரையையும் பற்றியது. அதை இரண்டு கால்களும் மண்ணில் ஊன்றியிருக்கும்போதே கற்றுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாம் ஆடி மாதத்தில் மாடியிலிருந்து பறக்கவிடும் காகிதக் காற்றாடிக்கும் இதற்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு. காற்றாடிகளால் வண்டியை இழுக்கச் செய்யும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826-இலேயே அத்தகைய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இன்று பயன்படும் வடிவத்துக்கு மூலம், அமெரிக்காவில் டோமினா ஜால்பர்ட் 1964-இல் உருவாக்கிய பாராஃபாயில்தான். அதில் குச்சி கிடையாது. மேலும் கீழுமாகத் தைத்த இரண்டு துணிப் பரப்புகளுக்கு நடுவே தடுப்புகள் வைத்து அறைகளாகப் பிரித்து, முன்விளிம்பைத் திறந்துவிட்டால், அதன் வழியே நுழையும் காற்றே அறைகளை உப்பச் செய்து, முழுத் துணியையும் ஒரு சிறகாக நிற்கவைக்கிறது. 1990-களில் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் லின் உருவாக்கிய மூன்று சக்கரக் காற்றாடி வண்டிகள் பரவலான பிறகு தரையில் காற்றாடியால் பயணம் செய்வது தனி விளையாட்டாக வளர்ந்தது. பலகையில் நின்று செல்வது அதன் தொடர்ச்சி.

இழுவையின் கணக்கு

பயிற்சி தொடங்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். காற்று ஒரு பரப்பின்மேல் செலுத்தும் விசை, காற்றின் வேகத்தோடு நேராக வளர்வதில்லை. வேகத்தின் இருமடியாக வளர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று 30 கிலோமீட்டராக உயர்ந்தால் இழுவை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டர் காற்றில் நிதானமாக நின்றிருப்பவருக்கு, திடீரென்று 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், கையில் இருக்கும் சுமை இரண்டேகால் மடங்காகிவிடும்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. காற்றாடி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்போது தரும் இழுவை வேறு, அது பாயும்போது தரும் இழுவை வேறு. 5 சதுர மீட்டர் காற்றாடி ஒன்று மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் தலைக்கு மேல் சும்மா நின்றால், கையில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பான சுமையே தெரியும். அதே காற்றாடியை நம் முன்னால் குறுக்காகப் பாயவிட்டால், அது காற்றைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறக்கக்கூடும். அப்போது அதன் துணி உணரும் காற்று மும்மடங்காகி, இழுவை ஒன்பது மடங்கை எட்டும். அதாவது, சில நொடிகளுக்கு முன் ஒரு கையால் பிடித்திருக்கக்கூடிய காற்றாடி, ஒரு ஆளின் உடல் எடைக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். பவர் கைட் விபத்துகளில் பல இந்த இரண்டாவது செய்தியை அறியாததால் நேர்பவை. தலைக்கு மேல் சாதுவாக நிற்கிறதே என்று எண்ணி, பெரிய காற்றாடியைக் கீழே பாயவிடுகிறார்கள்.

எனவே முதல் காற்றாடியைத் தேர்ந்தெடுப்பதில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. 65 முதல் 80 கிலோ வரை எடையுள்ள ஒருவருக்கு, கைப்பிடிகளுடன் கூடிய நான்கு கயிற்றுக் காற்றாடியில் 3 சதுர மீட்டர் அளவே முதல் பருவத்துக்குப் போதும். மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வரையிலான காற்றில் அது எல்லாப் பாடங்களையும் கற்றுத்தரும். 5 சதுர மீட்டரை 12 முதல் 18 கிலோமீட்டர் காற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். 8, 10 சதுர மீட்டர் அளவுள்ள பெரிய காற்றாடிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. கன்ட்ரோல் பார் என்னும் பிடிதண்டைத் தள்ளினால் இழுவை குறையும்படி அமைந்த அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இரண்டு கயிறுகள் மட்டுமே உள்ள காற்றாடியை வாங்க வேண்டாம், ஏனெனில் அதில் பிரேக், அதாவது பின்விளிம்பை இழுத்துக் காற்றாடியை அடக்கும் கயிறுகள், கிடையாது.

தரையும் அனுமதியும்

வேலூர் என்றதும் பாலாற்றின் அகன்ற மணல் படுகைதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். காற்றாடியை நின்றபடி பழக அது பயன்படலாம், ஆனால் பலகைக்கு ஆகாது. உலர்ந்த ஆற்று மணலில் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும். நின்ற சக்கரத்தை நகர்த்த வேண்டும் என்று காற்றாடியை வேகமாக ஓட்டுவோம். இழுவை திடீரென்று ஏற, பலகை நிற்க, ஆள் மட்டும் முன்னால் வீசப்படுவார். மணல் அள்ளிய பள்ளங்கள் படுகையில் எங்கு இருக்கும் என்பதும் தொலைவிலிருந்து தெரிவதில்லை.

நமக்கு ஏற்ற தரை வறண்ட ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகள் பாசனத்துக்குப் பின் மாசி, பங்குனியில் இறங்கத் தொடங்கி, வைகாசிக்குள் பல இடங்களில் தரையைக் காட்டிவிடும். அப்போது வண்டல் இறுகி, சக்கரத்துக்கு நல்ல பிடிப்பைத் தருகிறது. விரல் அகல வெடிப்புகளைக் காற்றடைத்த டயர் எளிதாகக் கடக்கும். கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் நடுப்பகுதி ஏமாற்றக்கூடியது என்பதால், குதிகாலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஆர்க்காட்டுக்குக் கிழக்கே காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரிகளில் நீர் வற்றிய பகுதி, சுற்றிலும் குன்றுகள் இல்லாத வெளியில் இருப்பதால், காற்று சீராக வரும் வாய்ப்பு மிகுதி. நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரி வற்றாது. அந்த ஆண்டில் அறுவடை முடிந்த மேட்டு நிலத்தை, உரிமையாளரின் ஒப்புதலோடு, பயன்படுத்திக்கொள்ளலாம். வரப்புகள் நெருங்கிய நிலம் உதவாது.

எந்த ஏரியானாலும், காற்றாடியை வெளியே எடுக்கும் முன் முழு இடத்தையும் நடந்து பார்க்க வேண்டும். உழவர்கள் வண்டல் மண் எடுத்த குழிகளுக்கு விளிம்பு செங்குத்தாக இருக்கும். சீமைக் கருவேலத்தை வெட்டிய இடத்தில் கூர்மையான அடிக்கட்டைகள் தரைமட்டத்தில் நின்றுகொண்டிருக்கும். அதன் முள் டயரையும் துணியையும் ஒருசேரக் கிழிக்கும். ஏரிக்கரையும் கரைமேல் வளர்ந்த பனைகளும் காற்றைக் கலைக்கும் என்பதால், காற்று கரையைத் தாண்டி நம்மிடம் வருகிறதென்றால், கரையும் மரமும் சேர்ந்த உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவாவது தள்ளி நிற்க வேண்டும். 10 மீட்டர் பனை வரிசைக்கு 100 மீட்டர். அதற்குள் நின்றால் காற்றாடி ஒரு நொடி துவண்டு மறு நொடி வெடுக்கென்று இழுக்கும். கற்பவர் தன் கையில்தான் தவறு என்று எண்ணிக் குழம்பிப்போவார்.

மின்கம்பிகள் ஏரிக்கு நடுவிலும் செல்வதுண்டு. காற்று போகும் திசையில் 300 மீட்டருக்குள் மின்கம்பி, சாலை, இரயில் பாதை எதுவும் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட காற்றாடி காற்றோடு வெகுதூரம் உருண்டோடும். எப்படியோ கம்பியில் சிக்கிவிட்டால், கயிற்றை இழுக்காமல், அதைத் தொடாமல் விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்வது ஒன்றே வழி. துணி போனால் போகட்டும்.

அனுமதியைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1934-ஆம் ஆண்டின் இந்திய வானூர்திச் சட்டம் காற்றாடியையும் வானூர்தி என்னும் வரையறைக்குள் சேர்த்திருந்தது. அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியின் அருகிலும், அப்துல்லாபுரத்தில் உள்ள வேலூர் விமான நிலையத்தின் அருகிலும் இத்தகைய பெரிய காற்றாடியைப் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். பட்டத்துக்கான நைலான், செயற்கை இழை மாஞ்சாக்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை செய்தது. பவர் கைட்டின் கயிறு கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா அன்று என்றாலும், அதுவும் செயற்கை இழைதான். ஆகவே எந்த ஏரியில், எந்த நாளில், என்ன கருவியோடு பழகப்போகிறோம் என்பதைக் காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். மறுத்தால் அங்கே பறக்கவிடாதீர்கள். ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் தனியே பேசிவிடுவது நல்லது. பெரிய காற்றாடியின் படபடப்பைக் கேட்டு மாடுகள் மிரண்டு ஓடும், அவற்றின் பின்னால் ஓட வேண்டியவர் அவர்தான்.

இந்தப் பகுதியின் காற்று

கடற்கரைக் காற்று சீரானது. நம் உள்நாட்டுக் காற்று அப்படியன்று. பங்குனி முதல் வைகாசி வரை வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சூடான காற்று திரள் திரளாக மேலெழும். முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை வறண்ட ஏரித் தரையில் சுழிக்காற்று புழுதியோடு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய சுழிக்குள் காற்றாடி நுழைந்தால் அது ஆளையே தரையிலிருந்து தூக்கிவிடும். தொலைவில் புழுதிச் சுழி கண்ணில் பட்டதுமே காற்றாடியை இறக்கி, துணியின்மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டும். வெயிலே 40 பாகை செல்சியசைத் தாண்டும் அந்த நேரத்தில் களத்தில் நிற்பது உடலுக்கும் ஏற்றதன்று. மாலை 4 மணிக்கு மேல் சூடு தணியும்போது காற்றும் ஓரளவு சீராகும்.

ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்குக் காற்று வலுக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காற்று அனுபவம் உள்ளவருக்கு நல்ல காற்று, தொடங்குபவருக்குப் பெரும்பாலான நாள்களில் மிகை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மலைகளுக்கு நடுவே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அது முட்டி மோதி வருகிறது. ஆர்க்காட்டைத் தாண்டிச் சமவெளியில் விரிந்தபின் சற்றுச் சமமாகிறது. அந்த மாதங்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மாலை நேர இடிமழை. பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டு அடி கறுத்து நின்றால், மழை வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே குளிர்ந்த பெருங்காற்று வந்து அறையும். அதுவரை மேற்கிலிருந்து வீசிய காற்று திடீரென்று அடங்குவது அதன் முன்னறிவிப்பு. காற்று நின்றுவிட்டதே என்று பெரிய காற்றாடியை எடுப்பவர் அந்த அறையைப் பெரிய காற்றாடியோடு எதிர்கொள்வார். இடி காதில் விழுந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

காற்றை அளக்கக் கையடக்க அனிமோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். காற்றாடியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவன்று. அது இல்லாதபோது, வேப்பிலைகளும் சிறு கொம்புகளும் ஓயாமல் அசைந்தால் 12 முதல் 19 கிலோமீட்டர், புழுதியும் காகிதமும் எழும்பிச் சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28, சிறு மரங்கள் முழுவதுமாக அசைந்தாடினால் 29-க்கு மேல் என்று மதிப்பிடலாம். மூன்றாவது நிலையில் காற்றாடியைப் பையிலேயே வைத்திருங்கள். பத்து நிமிடம் நின்று அளந்து, சராசரியைவிட அதிகபட்ச வீச்சையே அளவாகக் கொண்டு காற்றாடியைத் தேர்ந்தெடுப்பது உள்நாட்டுக்குரிய ஒழுங்கு. அந்த வீச்சு சராசரியைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும் நாளில் சிறிய காற்றாடிகூட வேண்டாம்.

விரிப்பதும் எழுப்புவதும்

தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள், கணுக்காலை மூடும் ஷூ ஆகியவற்றை நின்று பழகும் நாளிலிருந்தே அணிய வேண்டும். தனியாகப் பழகக் கூடாது. உடன் ஒருவர் இருந்தால்தான், காற்றாடியைக் கண்டு ஓடிவரும் சிறுவர்களைத் தள்ளி நிற்கவைக்க முடியும். கயிறுகள் பொதுவாக 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள டைனிமா என்னும் வலிய செயற்கை இழையால் ஆனவை. மெல்லியதாக இருந்தாலும் ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும், விசையேறி நிற்கும்போது தோலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். காற்று போகும் திசையில் 100 மீட்டர், இருபுறமும் 50 மீட்டர் ஆள் இல்லாத வெளியாக இருக்க வேண்டும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, காற்றாடியை முன்னால் மல்லாத்தி, சூத்திரக் கயிறுகள் மேலே தெரியும்படியும் பின்விளிம்பு நம் பக்கம் இருக்கும்படியும் விரியுங்கள். பின்விளிம்பின்மேல் இரண்டு மூன்று இடங்களில் மண் வைத்துவிட்டால் அது தானாக எழாது. பிறகு கயிறுகளைப் பிரித்துக்கொண்டே காற்று வரும் திசையை நோக்கிப் பின்னால் நடந்து, கைப்பிடிகளின் பிரேக் பகுதியைத் தரையில் அடித்த முளையில் மாட்டுங்கள். மாடு கட்டும் இரும்பு முளையே இதற்குப் போதும். இறுகிய வண்டலில் ஒரு முழம் இறங்கினால் அசையாது. மேல் கயிறு இரண்டும், பிரேக் கயிறு இரண்டும், இடம் வலம் மாறாமல், ஒன்றோடொன்று பின்னாமல் இருக்கின்றனவா என்று கைப்பிடியிலிருந்து துணி வரை கயிற்றோரமாக நடந்து பார்க்க வேண்டும். இந்த நடையை எவ்வளவு அனுபவம் வந்தபின்னும் விடக் கூடாது. இடமும் வலமும் மாறிய காற்றாடி எழுந்த நொடியிலேயே எதிர்த்திசையில் பாயும்.

கைப்பிடிகளை எடுக்கும் முன், பிரேக் முனைகளையும் மணிக்கட்டையும் இணைக்கும் பாதுகாப்புப் பட்டைகளை மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியை விட்டுவிட்டால் முழு இழுப்பும் பிரேக் கயிறுகளுக்கு மாறி, காற்றாடி பின்பக்கமாக மடிந்து, விசையிழந்து தரையில் விழும் என்பதே இதன் ஏற்பாடு. முதல் நாளின் முதல் பாடம் எழுப்புவதன்று, விடுவது. காற்றாடியை ஒரு ஆள் உயரத்துக்கு எழுப்பியதும் இரண்டு கைப்பிடிகளையும் விடுங்கள். மறுபடி எழுப்பி மறுபடி விடுங்கள். இழுக்கப்படும்போது கை தானாக இறுகுவது உடலின் இயல்பு. அந்த இயல்பை வெல்லும் அளவுக்கு, விடு என்று உடனிருப்பவர் சொன்ன கணத்தில் விரல்கள் திறக்கும் வரை இதையே செய்ய வேண்டும். ஆபத்தின்போது யோசிக்க நேரம் இருக்காது.

எழுப்ப, இரண்டு கைப்பிடிகளின் மேற்பகுதியையும் ஒருசேர மார்பை நோக்கி இழுத்து ஓரடி பின்வாங்கினால், முன்விளிம்பு நிமிர்ந்து காற்றை உள்வாங்கித் துணி உப்பி எழும். எழும்போதே ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கக் கையை மெல்ல இழுத்துச் சரிசெய்யலாம். பிரேக் கயிறுகள் பறக்கும்போது இலேசாகத் தொய்ந்திருக்க வேண்டும்; விறைப்பாக இருந்தால் காற்றாடி எழ மறுத்துப் பின்னால் சரியும், மிகவும் தொய்ந்தால் இறக்கவே முடியாது. கைப்பிடியின் முனையில் உள்ள முடிச்சு வரிசையில் ஒரு முடிச்சு மாற்றினால் இது சரியாகிவிடும்.

பறக்கும் வெளி

முதுகில் காற்று படும்படி நிற்பவருக்கு முன்னால், கயிற்றின் நீளத்தை ஆரமாகக் கொண்ட கால் கோளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்றாடி அந்தப் பரப்பில்தான் எங்கும் பறக்க முடியும். கடிகார முகத்தைக் கொண்டு குறிப்பிட்டால், தலைக்கு நேர் மேலே 12, இடக்கைப் பக்கத் தரையோரம் 9, வலக்கைப் பக்கத் தரையோரம் 3. இந்த வளைவின் ஓரத்தில் எங்கு நின்றாலும் இழுவை குறைவு. நமக்கு நேர் எதிரே, தரையிலிருந்து சற்று மேலே உள்ள நடுப்பகுதியில் இழுவை உச்சம் பெறுகிறது.

கடற்கரையில் கற்றவர்கள் ஓய்வெடுக்கக் காற்றாடியை 12-இல் நிறுத்துங்கள் என்பார்கள். நம் ஏரிகளுக்கு இந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. வீச்சும் தொய்வும் மாறி மாறி வரும் காற்றில், உச்சியில் நிற்கும் காற்றாடி தொய்வு வந்ததும் நம் தலையைக் கடந்து பின்னால் சென்று, துவண்டு, சரிந்து, கீழே நடுப்பகுதியில் மீண்டும் உப்பி, முழு விசையோடு இழுக்கும். வீச்சு வந்தாலோ அதே உச்சி நிலை ஆளை நேர் மேலே தூக்கும். ஆகவே 10 அல்லது 2 மணி நிலையில், ஓரத்தில் நிறுத்திப் பழகுங்கள். கயிறு தொய்ந்ததை உணர்ந்தால் உடனே பின்னோக்கி விரைந்து நடந்து, கைகளை இழுத்து, விறைப்பை மீட்க வேண்டும்.

இடக்கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலக்கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் சேர்த்து இழுத்தால் திருப்பம் குறுகும். 10-க்கும் 2-க்கும் இடையே, உயரத்திலேயே, மெதுவாக வளைத்து வளைத்து ஓட்டுங்கள். அது கைவந்தபின், கிடையாகப் படுத்த எட்டு வடிவத்தைச் சற்றுத் தாழ்வாக வரையுங்கள். அப்போது முதன்முறையாக நடுப்பகுதியின் இழுவை தெரியும். கயிறுகள் ஒன்றிரண்டு சுற்று முறுக்கிக்கொண்டாலும் காற்றாடி கட்டுப்படும். எதிர்ப்பக்கமாக வளைத்தால் முறுக்கு அவிழும். இறக்குவதற்கு, 9 அல்லது 3-ஐ நோக்கி ஓரமாகக் கொண்டுபோய்த் தரைக்கு அருகில் வந்ததும் இரண்டு பிரேக்குகளையும் நன்றாக இழுத்தால், பின்விளிம்பு தரையைத் தொட்டு அமர்ந்துவிடும். பிரேக்கைத் தளர்த்தாமலேயே கைப்பிடிகளை முளையில் மாட்டிவிட்டு, துணியின்மேல் மண் வைக்க வேண்டும்.

கண்ணைக் காற்றாடியிலிருந்து எடுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே அதை நிறுத்தி வைக்கவும், ஓட்டவும் வந்துவிட்டால் அடுத்த படி. இழுவையோடு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். பிறகு இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் சாய்ந்து, குதிகால்களை ஊன்றி, தரையில் சறுக்கியபடி இழுபட்டுப் பாருங்கள். இதில் எடையை எங்கே வைப்பது என்பதை உடல் கற்றுக்கொள்கிறது. இந்தப் படியைப் பழகாமல் விட்டுச் சென்றவர்கள் பலகையில் விழுந்து விழுந்து இதையேதான் கற்கிறார்கள்.

பலகை

லேண்ட்போர்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. இரு முனையும் ஒரே வடிவமாக இருப்பதால் எந்தப் பக்கமும் முன்னாகச் செல்லலாம். இங்கே முள் மிகுதி என்பதால் டியூபுக்குள் பஞ்சர் தடுக்கும் திரவத்தை முன்பே ஊற்றிவைப்பதும், வண்டல் சற்று மென்மையாக இருந்தால் காற்றழுத்தத்தைக் குறைப்பதும் உதவும். கால் பட்டைகள் பாதத்தைப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் விழும்போது கால் கழன்று வரவேண்டும். பலகையைக் கயிறு போட்டு உடலோடு கட்டக் கூடாது. விழுந்தவரைத் தேடி வந்து அது அடிக்கும்.

வலப்பக்கம் செல்வதாக வைத்துக்கொள்வோம். காற்றாடியை 11 மணி நிலையில் வைத்து, காற்றுக்குக் குறுக்காகப் பலகையை நிறுத்தி, அதன் முன்முனையைச் சற்றே காற்று போகும் பக்கம் திருப்பிக் கால்களைப் பட்டைகளில் நுழையுங்கள். முழங்கால்களை மடக்கிப் பின்னால் சாய்ந்தபடி, காற்றாடியை 12 வழியாக 2-ஐ நோக்கி மெல்லப் பாயவிட்டு, பலகை உருண்டதும் அதை 1-க்கும் 2-க்கும் இடையில் நிறுத்திவிடுங்கள். குதிகால் பக்கம் எடையை ஏற்றினால் பலகை காற்று வரும் பக்கமாக வளையும். இதுவே வேகத்தைக் குறைக்கும் வழி. எடையை ஏற்றாமல் காற்றோடு காற்றாகச் சென்றால், காற்றாடியை நெருங்கிவிடுவதால் கயிறு தொய்ந்து, அது விழுந்து மறுபடி உப்பும்போது ஒரு பெரிய வெட்டு வரும். நிற்க, காற்றாடியை மேலே கொண்டுவந்தபடியே குதிகால்களை அழுத்தி வளையுங்கள். நின்றபின் காற்றாடியை 12-இல் தங்கவிடாமல் மறுபக்கம் கடத்தி, இடப்பக்கம் அதே முறையில் திரும்பி வாருங்கள். நிற்காமல் திரும்புவது பிறகு தானாக வரும். குதிப்பது, காற்றாடியைக் கொண்டு மேலெழுவது ஆகியவற்றைப் பயிற்சியாளர் இல்லாமல் இறுகிய வண்டல் தரையில் முயலவே கூடாது.

பெரிய காற்றாடிக்கு மாறும்போது

இரு திசையிலும் சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிந்தபின், பாரைத் தள்ளினால் இழுவை குறையும் வகைக் காற்றாடிக்கு மாறலாம். அதன் இழுவையை இடுப்பில் கட்டிய ஹார்னஸ் தாங்குவதால் கைகள் சோர்வதில்லை. வீச்சு வரும்போது பாரை முன்னே தள்ளினால் துணியின் சாய்வு மாறி விசை தணியும். நம் காற்றுக்கு இந்த வகையே ஏற்றது. ஆனால் இப்போது காற்றாடி உடலோடு இணைந்துவிட்டது, விரல்களைத் திறப்பதால் மட்டும் அது விடாது. மார்புக்குக் கீழே உள்ள அவசர விடுவிப்பைத் தள்ளினால்தான் விடும். பழைய பாடத்தை இந்த விடுவிப்பைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். ஏரிப் புழுதி அதற்குள் புகுந்து இறுகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கட்டும் முன் இயக்கிப் பார்த்து, வாரம் ஒருமுறை நல்ல நீரில் அலசுங்கள். இராமேஸ்வரம், தூத்துக்குடி கடற்கரைகளில் கைட்சர்ஃபிங் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பாரும் ஹார்னஸும் உள்ள காற்றாடியை முதலில் அங்கே அவர்களிடம் சில நாள் பழகிவிட்டு வருவதையே நான் பரிந்துரைப்பேன். நீரில் விழுந்து கற்ற பிழைகள் உடலை உடைப்பதில்லை.

பயிற்சி முடிந்ததும் துணியிலிருந்து முட்களை எடுத்து, அறைகளுக்குள் புகுந்த மண்ணை உதறி, வெயிலில் கிடக்கவிடாமல் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். எலி நுழையாத இடத்தில் பை இருக்கட்டும். மாதம் ஒருமுறை நான்கு கயிறுகளையும் ஒரே முளையில் மாட்டி இழுத்து நீளத்தை ஒப்பிடுங்கள். மேல் கயிறுகள் மிகுதியாக இழுபடுவதால் பிரேக் கயிறுகளைவிடச் சற்று நீண்டுவிடும். அந்த வேறுபாடு சில சென்டிமீட்டர் ஆனாலே பிரேக் விறைத்து, காற்றாடி எழும்போது பின்னால் சரியத் தொடங்கும். குட்டையான கயிறு எதுவோ அதை முளையில் மாட்டி, உடல் எடையால் இழுத்து நீட்டிச் சமமாக்கிய பிறகே அடுத்த முறை பறக்கவிடுங்கள்.